அடுத்தவர் எழுதிய லைப்ரரியை எந்த வழியாக உள்ளே விடுவது?

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு டேனரி, தோல் பதனிடும் ஆலை. தோலின் பரப்பை அளக்கும் மிஷினுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறை போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று. மிஷினிலிருந்து சீரியல் கேபிள் வழியாக வரும் சதுர அடியை வாங்கி, லாட் வாரியாகச் சேமித்து, லேபிள் அடித்துக் கொடுப்பது எங்கள் புரோகிராமின் வேலை. சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறையிலிருந்து மூன்று பேர் இதைப் பார்த்துக்கொள்கிறோம். சி பிளஸ் பிளஸில் எழுதியது. பைத்தானில் எழுதியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கம்ப்யூட்டரில் நாலு ஜிபி ராம். இன்டர்நெட் வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. பென்டிரைவில் ஒரே ஃபைலைக் கொண்டுபோய்ப் போட்டால் ஓட வேண்டும் என்பதுதான் முதல் நாளிலிருந்தே எங்கள் கணக்கு.

அங்கே அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர் ஒரு நாள் கேட்டார்: "லாட் ரிப்போர்ட்ட அப்படியே எக்செல்லுல குடுத்துடுங்களேன் சார், நான் மறுபடியும் டைப் அடிக்க வேணாம் பாருங்க." நியாயமாகத்தான் கேட்டார். எக்செல் ஃபைல் எழுத ஒரு லைப்ரரி வேண்டும்; அதாவது, வேறொருவர் எழுதிவைத்த, நாம் அப்படியே கூப்பிட்டுப் பயன்படுத்தும் கோட். எந்த லைப்ரரி என்பது அரை மணியில் முடிவாகிவிட்டது. அதை எந்த வழியாக எங்கள் சோர்ஸுக்குள் (நாங்கள் எழுதிய கோடுக்குள்) கொண்டுவருவது என்பதில்தான் மூன்று பேருக்கும் மூன்று கருத்து. இரண்டு வாரம் இழுத்தது.

சேர்க்காமலே இருக்க முடியுமா

இதைத்தான் முதலில் பார்த்தோம். சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல், எழுத எந்த லைப்ரரியும் வேண்டாம். நாற்பது வரி போதும். எழுதிக் கொடுத்தேன். அக்கவுண்ட்ஸ்காரர் டபுள் கிளிக் செய்ததும் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாக வந்தன. தமிழ் எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறை ஃபைலின் தலையில் மூன்று பைட் குறி இல்லாவிட்டால் விண்டோஸில் உள்ள எக்செல் அதை வேறு எழுத்துக் குறியாக்கம் என்று நினைத்துக்கொள்ளும். மூன்று பைட்டைச் சேர்த்தேன், தமிழ் வந்தது. அடுத்து, 00412 என்ற லாட் நம்பர் 412 ஆகிவிட்டது. அதற்கடுத்த சிக்கல்தான் அழகு: 12-3 என்று எழுதியிருந்த சப்-லாட், மார்ச் 12 என்ற தேதியாக மாறி நின்றது. சிஎஸ்வியில் இது எழுத்து, இது எண் என்று சொல்ல இடமே கிடையாது. எக்செல் தானாக யூகிக்கும், யூகித்ததைச் சேமித்தும் விடும்.

சரி, எக்செல்லின் சொந்த வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலை நாமே எழுதினால் என்ன? அது ஒன்றும் மந்திரம் இல்லை. பெயரின் வாலை இசட்ஐபி என்று மாற்றித் திறந்தால் உள்ளே சில எக்ஸ்எம்எல் ஃபைல்கள் இருக்கும். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு ஷீட் திறந்தது. தேதிக்கு ஃபார்மேட் வைக்கப்போனபோது ஸ்டைல் ஃபைலில் ஒன்றை ஒன்று சுட்டும் எண்களின் காடு தொடங்கியது. "இந்த ஃபைலில் பிரச்சினை இருக்கிறது, சரிசெய்யட்டுமா" என்று எக்செல் கேட்ட நாலாவது முறையில் விட்டுவிட்டேன். நூறு வரிக்குள் முடிகிற வேலைக்கு லைப்ரரி வேண்டாம் என்பது என் கட்சி. இது நூறு வரிக்குள் அடங்குகிற வேலை இல்லை.

தேர்ந்தெடுத்தது லிப்எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டர். சி மொழியில் எழுதியது, தாராளமாகப் பயன்படுத்த விடும் பிஎஸ்டி உரிமம், எழுத மட்டும் செய்யும், படிக்காது. எங்களுக்குப் படிக்கத் தேவையில்லை. அது சார்ந்திருப்பது இசட்லிப் என்ற சுருக்கும் லைப்ரரியை மட்டுமே. ஒரு லைப்ரரியைக் கூப்பிட்டால் அதன் மச்சான், மாமன் எல்லாம் பின்னாலேயே வருவார்களா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆப்ட் இன்ஸ்டால், அவ்வளவுதான் என்கிற வழி

எங்களில் மூத்தவர் உபுண்டு லினக்ஸ்காரர். ஆபரேட்டிங் சிஸ்டமே தருகிற பேக்கேஜை ஆப்ட் கட்டளையால் நிறுவிக்கொண்டு, புரோகிராமைக் கட்டும் கருவியான சீமேக்கில் ஃபைண்ட் பேக்கேஜ் என்று ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது என்பார். மேசையில் அது உண்மை. பாதுகாப்பு ஓட்டை ஏதாவது வந்தால் உபுண்டுவே அடைத்துத் தரும், நாம் கோடை ஓடும் ஃபைலாக மறுபடி கம்பைல் செய்யக்கூட வேண்டாம். 2014 ஏப்ரலில், தரவைப் பூட்டி அனுப்பும் லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, டைனமிக்காக, அதாவது ஓடும்போது சிஸ்டத்தில் உள்ள லைப்ரரியைத் தேடிக்கொள்ளும்படி, லிங்க் செய்திருந்தவர்கள் லைப்ரரியைப் புதுப்பித்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து முடித்தார்கள். தங்கள் புரோகிராமுக்குள்ளேயே அதை ஸ்டாட்டிக்காகச் சேர்த்துக் கட்டியிருந்தவர்கள் ஒவ்வொன்றையும் தேடித் தேடி மறுபடி பில்ட் செய்ய வேண்டியிருந்தது.

ஆனால் இந்த வழியில் நாங்கள் ஒரு முறை அடிபட்டிருக்கிறோம். எங்கள் பேக்கப் ஃபைலைப் பூட்டி அனுப்ப ஓபன்எஸ்எஸ்எல் பயன்படுத்துகிறோம். உபுண்டு 20.04-இல் கம்பைல் செய்து, டைனமிக்காக லிங்க் செய்து கொடுத்திருந்தோம். டேனரிக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. கடைக்காரப் பையன் புது டிஸ்க் போட்டு, புதிது நல்லதுதானே என்று 22.04-ஐ ஏற்றிவிட்டான். 20.04-இல் இருப்பது ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1, 22.04-இல் 3.0 மட்டும்தான். எங்கள் புரோகிராம் எழுந்ததும் 1.1 பெயர் கொண்ட ஃபைலைத் தேடியது, காணவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் படுத்தது.

காலை பத்தரை மணிக்கு சூப்பர்வைசர் போன். "இன்னா தம்பி, நேத்து ஓடிச்சு, இன்னிக்கு தொறக்கவே மாட்டேங்குது?" நான் போய்ச் சேர்ந்தபோது மிஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் தோலை உள்ளே விட, மறுபக்கம் ஒருவர் மிஷின் டிஸ்ப்ளேயில் எரியும் எண்ணைப் பார்த்து ஒவ்வொரு தோலின் பின்பக்கத்திலும் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு எப்படிச் செய்தார்களோ அப்படியே. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "இதுக்குத்தானே இவ்ளோ காசு" என்கிற மாதிரி ஒரு சலிப்பு.

அன்று முதல் எனக்கு ஒரு அளவுகோல் வந்துவிட்டது. லைப்ரரியைச் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றவர்கள் பில்ட் நேரத்தைப் பார்ப்பார்கள், ஃபைல் அளவைப் பார்ப்பார்கள். நான் கேட்பது, அது உடைந்தால் யார் பைக் எடுப்பது? சத்துவாச்சாரியிலிருந்து சிப்காட் இருபது கிலோமீட்டருக்கு மேல்; ஆம்பூரில் உள்ள இன்னொரு வாடிக்கையாளருக்கு ஐம்பது. அக்னி நட்சத்திரத்தில் அந்த ஹைவேயில் போய்ப் பார்த்தால் டைனமிக் லிங்கிங்கின் அருமை தெரியும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பழைய உபுண்டுவில் கம்பைல் செய்தது புதியதில் பெரும்பாலும் ஓடும்; லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி அந்த வகையில் நாணயமானது. புதியதில் செய்ததைப் பழையதில் போட்டால், ஜிலிப்சி 2.34 வேண்டும் உன்னிடம் 2.31தான் இருக்கிறது என்று மறுத்துவிடும். ஆகவே எந்த வழியில் போனாலும், வாடிக்கையாளர்களிடம் உள்ளதிலேயே பழைய பதிப்பில் பில்ட் செய்வது என்று வைத்துக்கொண்டோம். பழைய பதிப்பைத் தனிப் பெட்டி மாதிரி ஓட்டித் தரும் டாக்கர் இருப்பதால் இது பெரிய வேலை இல்லை.

சோர்ஸையே நம் வீட்டுக்குள் வைத்துக்கொள்வது

எங்கள் சோர்ஸில் முதல் நாளிலிருந்தே இப்படி ஒன்று உள்ளே இருக்கிறது: எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் லைப்ரரி. நூற்றுக்கு மேற்பட்ட சி ஃபைல்களை அவர்களே ஒன்றாகக் கோத்து, இரண்டு லட்சம் வரிக்கு மேல் நீளும் ஒரே ஃபைலாகத் தருகிறார்கள். அந்த ஒரு சி ஃபைல், ஒரு ஹெடர் (உள்ளே என்னென்ன ஃபங்ஷன் என்று சொல்லும் ஃபைல்). நம் ஃபைல்களோடு சேர்த்து கம்பைல் செய்தால் முடிந்தது. பப்ளிக் டொமைன் என்பதால் உரிமத் தலைவலியும் இல்லை. எல்லாம் ஒரே ஃபைலில் இருப்பதால் கம்பைலருக்கு முழுப் படமும் கண்ணுக்குத் தெரிகிறது, வேகமும் கொஞ்சம் கூடுகிறது என்று எஸ்கியூலைட்காரர்களே சொல்கிறார்கள். வேறு லைப்ரரிகளை எடைபோடும்போது மனசு தானாக எஸ்கியூலைட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. அது நியாயமில்லாத ஒப்பீடு. இவ்வளவு அடக்கமாக வருகிற விருந்தாளி அபூர்வம்.

இந்த வழியின் பலம் இன்டர்நெட் வேண்டாம் என்பது. பத்து வருடம் கழித்து அந்த லைப்ரரியின் வெப்சைட்டே இல்லாமல் போனாலும் நம்மிடம் உள்ளது நம்மிடம் இருக்கும். ஹெடரும் லைப்ரரியும் வேறு வேறு பதிப்பாகப் போகவும் வழியில்லை. ஹெடர் கிடைத்து கம்பைல் ஆகிவிட்டு, லிங்க் செய்யும்போது ஃபங்ஷனைக் காணோம் என்று நிற்கும் அனுபவம் சி பிளஸ் பிளஸ் எழுதும் எல்லாருக்கும் உண்டு. வேலூர்க்காரனுக்கு அது புதிதில்லை. ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரைக் கிண்டல் செய்வார்களே, அந்த ரகம். கோயிலுக்காவது 1981-இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்தார்.

பலவீனம், உள்ளே வைத்ததை மறந்துவிடுவோம் என்பது. 2002 மார்ச்சில் இசட்லிப்பில் ஒரே நினைவிடத்தை இரண்டு முறை விடுவிக்கும் பிழை வெளியானது. பிழையைத் திருத்துவது சின்ன வேலை. இசட்லிப்பின் சோர்ஸை எத்தனை புரோகிராம்கள் தங்கள் வயிற்றுக்குள் நகலெடுத்து வைத்திருக்கின்றன என்று தேடுவதுதான் பெரிய வேலையாகப் போனது. ஆப்ட் அதைக் கண்டுபிடித்துத் தராது. அதற்குத் தெரியவே தெரியாது.

இன்னொரு பலவீனம் மனிதர் சார்ந்தது. கைக்கெட்டும் தூரத்தில் சோர்ஸ் இருந்தால் கை சும்மா இருக்காது. எங்கள் இளையவர் ஒரு தடவை, வார்னிங் வருகிறதே என்று உள்ளே வைத்திருந்த ஒரு லைப்ரரியில் இரண்டு வரியைத் திருத்திவிட்டார். திருத்தம் சரியானதுதான். எட்டு மாதம் கழித்து நான் புதுப் பதிப்பை மேலே காப்பி செய்தேன். இரண்டு வரியும் போயிற்று, அதைச் சார்ந்திருந்த எங்கள் லேபிள் பிரிண்ட்டும் போயிற்று. "நீங்க கேட்டிருக்கலாமேண்ணே" என்றார். எங்கே எழுதிவைத்திருந்தாய் என்று நான் கேட்க, இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. இப்போது அந்த ஃபோல்டரில் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கிறது: எந்தப் பதிப்பு, எங்கிருந்து எடுத்தது, எப்போது, ஹாஷ் (ஃபைலின் கைரேகை மாதிரியான எண்) என்ன. நாங்கள் தொட்டது ஏதாவது இருந்தால் அது தனி பேட்ச் ஃபைலாக மட்டுமே இருக்க வேண்டும்.

கிட் சப்மாட்யூல்

இதைப் பற்றி நீட்டிப் பேச எனக்கு ஆசையில்லை. நகலெடுக்காமல், அவர்களுடைய ரெப்போவின் (கிட்டில் கோட் இருக்கும் கிடங்கின்) குறிப்பிட்ட கமிட்டை (சேமித்த ஒரு நிலையை) மட்டும் சுட்டிவைக்கும் ஏற்பாடு. கொள்கையளவில் சுத்தமானது. பயிற்சிக்கு வந்த கல்லூரி மாணவர் எங்கள் ரெப்போவை குளோன் செய்து, ஃபோல்டர் காலியாக இருக்கிறதே என்று அரை நாள் முழித்தார். ரிகர்சிவ் என்ற ஒரு சொல்லைச் சேர்க்கவில்லை. அடுத்த மாணவரும் அதே அரை நாள். யார் வந்தாலும் அரை நாள் பிடுங்குகிற ஏற்பாட்டை மூன்று பேர் உள்ள இடத்தில் வைத்துக்கொள்ள முடியாது.

பில்ட் செய்யும்போதே இறக்கிக்கொள்வது

எங்கள் இளையவரின் ஓட்டு சீமேக்கின் ஃபெட்ச்கன்டென்ட் என்ற வசதிக்கு. சீமேக் 3.11-இல், 2018-இல் வந்தது, 3.14-க்குப் பிறகு எழுதுவது இன்னும் சுலபமாகிவிட்டது. லைப்ரரியின் முகவரியையும் பதிப்பையும் நாலு வரியில் சொன்னால், கான்ஃபிகர் செய்யும்போது சீமேக்கே சோர்ஸை இறக்கி, நம்முடையதோடு சேர்த்து, நம் கம்பைலர் அமைப்புகளிலேயே கட்டிக்கொள்ளும். ரெப்போ இளைத்துவிடுகிறது, பதிப்பு மாற்ற ஒரு வரி போதும். பார்க்க அழகான வழி.

இன்டர்நெட் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கவே வேண்டாம், அன்று மதியம் கரன்ட் போய் ரவுட்டர் அணைந்ததும் அவரே பார்த்துவிட்டார். அதற்குப் பரிகாரம் உண்டு: ஏற்கெனவே இறக்கிய ஃபோல்டரைச் சுட்டி, இதையே எடுத்துக்கொள் என்று சீமேக்குக்குச் சொல்லலாம். அதைவிட நுணுக்கமான ஆபத்து, இறக்கியது நாம் நினைத்ததுதானா என்பது. பதிப்புக்கு ஒட்டிய டேக் பெயரை நம்பிப் பயனில்லை. ரெப்போவின் சொந்தக்காரர் அதை நகர்த்திவிட முடியும். முழு கமிட் ஹாஷ் கொடுக்க வேண்டும். சோர்ஸைச் சுருக்கிக் கட்டிய ஆர்க்கைவ் ஃபைலை ஹாஷோடு இறக்கினால் பாதுகாப்பு என்று நினைத்தவர்களுக்கு 2023 ஜனவரி 30 ஒரு பாடம். அன்று, ரெப்போக்களை வைத்திருக்கும் தளமான கிட்ஹப் தானாக உருவாக்கித் தரும் சோர்ஸ் ஆர்க்கைவ்களைச் சுருக்கும் முறை மாறியது. உள்ளே இருந்த ஃபைல்கள் அதேதான். சுருக்கிய பைட்டுகள் மட்டும் வேறு. ஹாஷ் பொருந்தாமல் உலகெங்கும் பில்ட்கள் நின்றன, அவர்கள் மாற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஹாஷ் வைத்தது தப்பில்லை. ஆனால் நம் பில்ட் ஓடுவதற்கு எங்கோ ஒரு சர்வர் நேற்றுப் போலவே இன்றும் நடந்துகொள்ள வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறோம் பாருங்கள், அதை யோசித்துச் செய்ய வேண்டும்.

பேக்கேஜ் மேனேஜர்

விண்டோஸ் வாடிக்கையாளர்களுக்காக விசிபிகேஜியைப் பார்த்தோம். மைக்ரோசாஃப்ட் 2016-இல் வெளியிட்டது. தேவையான லைப்ரரிகளை ஒரு ஜேசன் ஃபைலில் எழுதி, எந்த நாளின் நிலவரத்தில் நிற்கிறோம் என்பதற்கு ஒரு கமிட் ஹாஷைக் குறித்தால், அவற்றின் சார்புகளையும் சேர்த்து சோர்ஸிலிருந்து கட்டித் தருகிறது. முதல் தடவை நேரம் பிடிக்கும். ஓபன்எஸ்எஸ்எல்லைப் பழைய லேப்டாப்பில் கட்டவிட்டு கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த தடவை கேஷிலிருந்து எடுத்துக்கொள்ளும். தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: எதுவும் சொல்லாவிட்டால் லினக்ஸில் ஸ்டாட்டிக்காகவும் விண்டோஸில் டைனமிக்காகவும் கட்டும். லினக்ஸில் ஒரே ஃபைலாக ஓடியதை விண்டோஸுக்குக் கொண்டுபோனால் பக்கத்தில் டிஎல்எல் என்ற லைப்ரரி ஃபைல்களையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும், அல்லது ஸ்டாட்டிக் என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

கோனன் இன்னொன்று. பொருந்துகிற கட்டிய பைனரி கிடைத்தால் அதையே இறக்கிவிடும் என்பதால் வேகம். 2023 பிப்ரவரியில் 2.0 வந்தபோது பழைய ரெசிபிகளை (லைப்ரரியைக் கட்டும் குறிப்புகளை)த் திருத்த வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு ஆள் இருக்கிற கம்பெனிக்கு நல்லது. பைத்தானும் நிறுவியாக வேண்டும். எங்கள் அளவுக்கு விசிபிகேஜி போதும் என்று நிறுத்திக்கொண்டோம்.

இரண்டு லைப்ரரிக்காக பேக்கேஜ் மேனேஜர் வைப்பது, இரண்டு பேர் சாப்பாட்டுக்கு சமையல் கான்ட்ராக்டர் அமர்த்துவது மாதிரி. ஐந்தாறு தாண்டி, அவற்றுக்குள் சார்புகள் பின்னிக்கொள்ளும்போது, அவர் இல்லாமல் பந்தி நடக்காது.

உரிமமும் நம்பிக்கையும்

எடைக் கருவி ஒன்றோடு பேச லிப்மாட்பஸ் வைத்திருக்கிறோம். அது எல்ஜிபிஎல் என்ற உரிமத்தில் வருவது. அதை ஸ்டாட்டிக்காகக் கட்டினால், வாடிக்கையாளர் வேறு பதிப்பை வைத்து மறுபடி லிங்க் செய்துகொள்ள வசதியாக நம் ஆப்ஜெக்ட் ஃபைல்களை, அதாவது கம்பைல் செய்த துண்டுகளை, தர வேண்டிய கடமை வரும். எந்த டேனரிக்காரரும் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் அதை மட்டும் தனி ஷேர்டு லைப்ரரியாகப் பக்கத்தில் வைத்து அனுப்புகிறோம். ஒரே ஃபைல் என்ற எங்கள் கொள்கையில் உள்ள ஒரே விதிவிலக்கு அது.

நம்பிக்கை என்றதும் 2024 மார்ச் 29 நினைவுக்கு வரும். எக்ஸ்இசட் சுருக்கும் லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ பின்வாசல் வைத்திருந்ததை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதை அவர் கவனித்ததுதான் துப்பு. விஷத்தைக் கிளப்பிவிடும் துண்டு கிட் ரெப்போவில் இல்லை. வெளியீடாகத் தரும் சுருக்கிய ஃபைலான டார்பாலில் மட்டும் இருந்தது. ரெப்போவைப் படித்துப் பார்த்துவிட்டு டார்பாலை இறக்கியவர்கள் ஏமாந்திருப்பார்கள். டெபியன் லினக்ஸின் நிலையான பதிப்பில் பழைய எக்ஸ்இசட் இருந்ததால் அது தப்பியது. அதிலிருந்து, பாதுகாப்புத் திருத்தம் தவிர வேறு எந்தப் புதுப் பதிப்பையும் வந்த வாரமே நாங்கள் எடுப்பதில்லை. சோம்பலுக்கு இது நல்ல சாக்கு என்று இளையவர் சொல்கிறார். பாதி உண்மை.

கடைசியில் செய்தது

லிப்எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டரும் இசட்லிப்பும் எஸ்கியூலைட்டுக்குப் பக்கத்தில், எங்கள் சோர்ஸுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தன. இன்டர்நெட்டோடு பேசாத, நாங்களே எழுதும் தரவை மட்டும் கையாளும் லைப்ரரிகள் அவை. ஓட்டை வந்தாலும் ராத்திரியோடு ராத்திரியாக ஓட வேண்டியதில்லை. ஓபன்எஸ்எஸ்எல் அப்படியில்லை. அதை உள்ளே நகலெடுக்க மூத்தவர் ஒப்பவில்லை, எனக்கும் துணிவில்லை. லினக்ஸில் ஆப்ட் தருவதையே டைனமிக்காக வைத்துக்கொண்டு, 20.04-க்கு ஒன்று, 22.04-க்கு ஒன்று என்று இரண்டு பில்ட். பென்டிரைவில் இரண்டும் இருக்கும், இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் பார்த்து எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் பில்ட்டுக்கு மட்டும் விசிபிகேஜி. மூத்தவருக்குப் பாதி வெற்றி, எனக்குப் பாதி. இளையவருக்கு ஆறுதலாக, டெஸ்ட் லைப்ரரியை மட்டும் ஃபெட்ச்கன்டென்ட்டில் விட்டோம். அது டேனரி வாசலைத் தாண்டப்போவதில்லை, நெட் இல்லாத நாளில் டெஸ்ட் ஓடாது, அவ்வளவுதான்.

அக்கவுண்ட்ஸ்காரர் ஃபைலைத் திறந்தார். 00412 அப்படியே நின்றது, 12-3 தேதியாக மாறவில்லை, பெயர்கள் எல்லாம் தமிழில். இரண்டு முறை மேலும் கீழும் ஸ்க்ரோல் செய்துவிட்டு, "சூப்பர் சார்" என்றார். பிறகு, "இதையே பிடிஎஃப்லயும் குடுக்கலாம் இல்ல? பார்ட்டிக்கு வாட்ஸாப்ல அனுப்பணும்."

பிடிஎஃப் எழுதும் சின்ன லைப்ரரிகள் இருக்கின்றன. தமிழில் கொ என்று எழுத, கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டும். அதைச் சரியாக வைக்க ஹார்ஃப்பஸ் வேண்டும், எழுத்துருவைப் படிக்க ஃப்ரீடைப் வேண்டும், அதற்குப் பின்னால் இன்னும் நாலு. வண்டியில் திரும்பும்போதே எண்ணிப் பார்த்தேன், ஐந்தாறைத் தாண்டிவிட்டது. ராத்திரி விசிபிகேஜியை லினக்ஸ் பில்ட்டிலும் போட்டுக் கட்டவிட்டுப் படுத்தேன்.